நாலில் ஒரு பங்கு நம்முடையது

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘நம்மை நாமே குணப்படுத்திக்கொள்ளும் வழிகள்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பொது மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் இந்தத் தலைப்பின் மேல் எனக்கு ஆசையும் உண்டு, அச்சமும் உண்டு. உடம்புக்குள் இருக்கும் ஆற்றும் திறனை நாம் பாதிகூட மதிப்பதில்லையே என்பதால் ஆசை. அந்தத் திறனின் பேரைச் சொல்லிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, கால்விரல் கறுத்த பிறகு வருகிறவர்களையும் பார்க்கிறேன் என்பதால் அச்சம். இரண்டையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தத் திறன். காய் நறுக்கும்போது அரிவாள்மனை விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. சில நிமிடங்களுக்குள் இரத்தத்தின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கசிவை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுவையும் அகற்றத் தொடங்குகின்றன. அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்குவது அதனால்தான். அடுத்து வரும் நாட்களில் புது இரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. கொலாஜன் என்ற நார்ப்புரதம் உருவாகிறது. ஓரத்துத் தோல் நகர்ந்து வந்து மூடுகிறது. பொருக்கு உதிர்ந்த பிறகும் வேலை ஓய்வதில்லை. உள்ளே நார்களை மாற்றி அடுக்கி வலுவாக்கும் பணி ஓராண்டுகூட நீளலாம். அப்படியும் ஆழமாக வெட்டுப்பட்ட இடத்தில், பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் திரும்பும். உடம்பின் திறனுக்கு எல்லை உண்டு என்பதையும் அந்தத் தழும்பே சொல்லிவிடுகிறது.

எலும்பு முறிந்தால் மருத்துவர் நேராக்கி மாவுக்கட்டுப் போடுகிறார். அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் கட்டின் வேலை. ஒட்டிக்கொள்வது எலும்பு. கல்லீரலில் பாதிக்கு மேல் தானம் கொடுத்தவருக்குக்கூட, மிச்சமிருக்கும் பகுதி சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. மருத்துவர்கள் தைக்கிறோம், கட்டுகிறோம், கிருமியைக் கொல்ல மருந்து கொடுக்கிறோம். ஆறுவது உள்ளிருந்து நடக்கிறது.

அப்படியானால் ஒருவருக்குச் சீக்கிரம் ஆறுவதும் இன்னொருவருக்கு இழுத்துக்கொண்டே போவதும் ஏன்? சர்க்கரை நோய், சத்துக் குறைவு, முதுமை, புகைப்பழக்கம் என்று தெரிந்த காரணங்கள் பல. இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு காரணத்தை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசரும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினார்கள். மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர். அதே வயதும் வசதியும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருடைய முன்கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு புண். பராமரிப்புச் சுமை உள்ளவர்களுக்கு அது ஆற, சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாக ஆயின. 1995இல் வெளியான ஆய்வு இது.

மூன்று ஆண்டுகள் கழித்து, பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரிடம் இன்னொரு சோதனை. அண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு சிறு புண், தேர்வுக்கு மூன்று நாள் முன்பு அதே அளவில் இன்னொன்று. ஆள் அதே ஆள், வாய் அதே வாய். தேர்வு நேரத்துப் புண் ஆற 40 விழுக்காடு கூடுதல் காலம் பிடித்தது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வு நேரத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை.

ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சிலரே. ஆனாலும் காரணம் நமக்குப் புரிகிறது. ஆபத்து வரும்போது உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கிறது. இதயம் வேகமாகிறது, தசைக்கு இரத்தம் பாய்கிறது, செரிமானமும் பழுதுபார்க்கும் வேலைகளும் பின்னுக்குப் போகின்றன. எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு செய்யும் இந்த ஆயத்தத்தை வால்டர் கேனன் என்ற உடலியலாளர் 1915இலேயே விரிவாக எழுதினார். தெருநாய் துரத்தும்போது இது உயிரைக் காக்கும். நாய் போனதும் உடம்பும் தணிந்துவிடும். கடன்காரரோ நாளையும் வருவார், மறுநாளும் வருவார். வேலை போய்விடுமோ என்ற பயம் ராத்திரியும் படுக்கையில் கூடவே படுத்திருக்கும். தணியாத அந்த ஆயத்த நிலையில் கார்ட்டிசால் தொடர்ந்து சுரந்தால், புண்ணைச் சுத்தம் செய்யவேண்டிய அணுக்களின் வேலை மட்டுப்படுகிறது. மனக்கலக்கம் மனத்தோடு நிற்பதில்லை. விரலில் பட்ட காயம் வரைக்கும் இறங்கி வருகிறது.

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’. அந்தப் பத்துக் குறளின் அமைப்பைக் கவனியுங்கள். பெரும்பகுதி, முன்பு உண்டது செரித்ததா என்று அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியது. அதாவது நாமே நமக்குச் செய்துகொள்ள வேண்டியது. அதற்குப் பிறகுதான் நோயின் காரணத்தை ஆராய்கிற மருத்துவர் வருகிறார். கடைசிக் குறளில் மருத்துவத்தை வள்ளுவர் நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். நோயாளியையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்ததை நினைத்து நான் வியக்கிறேன். மருத்துவத்தை வாங்கிக்கொண்டு சும்மா கிடப்பவராக அவர் நோயாளியைக் காணவில்லை.

என் பேச்சின் சாரம் இதுதான். நாலில் ஒரு பங்கு நம்முடையது. அதை வேறு யாரும் நமக்காகச் செய்ய முடியாது. நாலில் ஒரு பங்குதான் நம்முடையது. மற்ற மூன்றையும் தள்ளிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கவும் முடியாது.

நம் பங்கில் என்னென்ன அடங்கும்? ஐந்தைச் சொல்கிறேன்.

முதலாவது மூச்சு. இதயத் துடிப்பை நாம் நினைத்தவுடன் குறைக்க முடியாது. குடலுக்குக் கட்டளையிட முடியாது. தானாகவும் நடந்து, நாம் சொன்னாலும் கேட்கிற இயக்கம் மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, வெளிவிடும்போது சற்று நிதானிக்கிறது. மூளையிலிருந்து நெஞ்சு வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. வெளிமூச்சை நீட்டினால் தணிக்கும் பக்கம் வலுக்கிறது. 2001இல் இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டி குழு, கத்தோலிக்க ஜெபமாலையை இலத்தீனில் சொல்பவர்களையும் பௌத்த மந்திரம் ஒன்றைச் சொல்பவர்களையும் அளந்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையடைந்தது. இரண்டு சமயங்களின் வழிபாடு, ஒரே மூச்சுத் தாளம். அவரவர் வீட்டில் அவரவர் சொல்லும் நாமத்தை, பாசுரத்தை, திக்ரை அவசரமில்லாமல் நீட்டிச் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் எண்களைச் சொல்லலாம்.

இப்போதே செய்து பார்ப்போம். முதுகை நிமிர்த்தி, தோளைத் தளர விடுங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் உள்ளே. ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே. அடக்கிப் பிடிக்க வேண்டாம். இப்படி ஆறு முறை செய்தால் ஒரு நிமிடம். தலை சுற்றினால் வழக்கமான மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். பிராணாயாமத்தை ஆழமாகக் கற்க விரும்புகிறவர்கள் ஆசிரியரிடம் கற்கவேண்டும். சென்னையில் 1976இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கிய தேசிகாச்சார், ஆளுக்கேற்பப் பயிற்சி மாறவேண்டும் என்பதையே தன் வழியாகக் கொண்டவர். இரத்த அழுத்தம் உள்ளவர், கர்ப்பிணி, இதய நோயாளி எல்லோரும் அலைபேசியில் ஓடும் ஒரே காணொளியைப் பார்த்து வேகவேகமாக மூச்சை உதறுவது ஆபத்து.

இரண்டாவது தூக்கம். 2015இல் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் மணிக்கட்டுக் கருவியால் அளந்தார்கள். பிறகு மூக்கில் சளி வைரஸ் சொட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. விழித்து உழைப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். பிள்ளைகளிடமும் அதையே எதிர்பார்க்கிறோம். மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபியில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். அலைபேசியை வேறு அறையில் வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: உரத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும், பகலெல்லாம் சொக்குவதும் இருந்தால் அதை மருத்துவரிடம்தான் காட்டவேண்டும்.

மூன்றாவது நடை. இலண்டனின் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களையும், நாளெல்லாம் படியேறி இறங்கும் நடத்துநர்களையும் ஜெரி மோரிஸ் ஒப்பிட்டார். ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு அதிகம் என்று 1953இல் அவர் எழுதியதிலிருந்துதான் உடல் உழைப்பைப் பற்றிய நவீன ஆராய்ச்சி வேர்விட்டது. நம் சென்னையிலும் இதற்கு இணையான ஒரு பணி நடந்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். நடையையும் உணவையும் சீராக்கியவர்களில் அது ஏறத்தாழ 39. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு. நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, நம் ஊர் வெயிலில் நடந்தவர்களின் கணக்கு இது.

மனத்துக்கும் நடை உதவுகிறது. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் உள்ள 50 வயது கடந்த 156 பேரில் சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு மாத்திரை, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரங்கள் கழித்து மூன்று குழுவினருமே ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் வாரம் மூன்று நாள் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்கள். மாத்திரையோடு நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது நடக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் மாநில அரசு 2023இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துப் பாதை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எட்டையும் முதல் நாளே நடக்கவேண்டியதில்லை.

நான்காவது, துயரத்துக்குச் சொல் கொடுப்பது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்வின் பெருந்துயரை, நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதினார்கள். எழுதிய அன்று அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகப் போனவர்கள் அவர்கள்தான். பின்னால் நடந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பயன் பெரியதல்ல, ஆனால் இருக்கிறது. செலவோ ஒரு நோட்டும் பேனாவும்.

நம் மண்ணில் ஒப்பாரி இந்த வேலையைச் செய்திருக்கிறது. சாவு வீட்டில் உட்காரும் பெண், செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. தான் வாழ்க்கைப்பட்ட கதை, தாய்வீடு கைவிட்டது, பிள்ளையைப் பறிகொடுத்தது எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்து, கூட இருக்கும் பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்ப்பாள். ஒப்பாரி நின்றுவரும் வீடுகளில் அந்தச் சொற்கள் எங்கே போகும்? நெஞ்செரிச்சலாகவும், தீராத தலைவலியாகவும் எங்கள் மேசைக்கு வருகின்றன. ஆகவே எழுதுங்கள். யாருக்கும் காட்டவேண்டாம், எழுதிக் கிழித்துவிட்டாலும் சரி. பறிகொடுத்த மறுநாளே எழுதவேண்டாம், சில வாரங்கள் போகட்டும். எழுத எழுதக் கலக்கம் பெருகினால் நிறுத்திவிட்டு ஒருவரிடம் பேசுங்கள்.

ஐந்தாவது அந்த ஒருவர். ஜிம்பாப்வே நாட்டின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளி ஒருவர், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அது சிபாண்டாவை உலுக்கியது. 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வெளியே மர பெஞ்சுகளில் உட்காரவைத்தார். வருகிறவர் தன் பிரச்சினைகளைச் சொல்வார். பாட்டி கேட்பார். சொன்னவற்றுள் ஒன்றை வந்தவரே தேர்ந்தெடுப்பார். அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன நடவடிக்கையை இருவருமாக முடிவு செய்வார்கள். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வும் பதற்றமும் தெளிவாகக் குறைந்திருந்தன. பாட்டிமார்கள் படித்த பட்டம் ஒன்றுமில்லை. அறிவுரையைக் கொட்டாமல் கேட்கத் தெரிந்திருந்தது, ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறை தெரிந்திருந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இது நடக்கலாம். ஒருவர் அழும்போது “எல்லாம் சரியாயிடும், விடு” என்று வாயை அடைக்காமல், “என்ன ஆச்சு, சொல்லு” என்று கேட்டு உட்காருங்கள்.

இனி, முதலில் சொன்ன அச்சத்துக்கு வருகிறேன். இந்த ஐந்தும் எங்கே போதாது என்பதைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவன் ஆவேன். நெஞ்சை அழுத்தும் வலி தோளுக்கும் தாடைக்கும் பரவினால், அது மூச்சுப் பயிற்சிக்கான நேரமல்ல, 108ஐ அழையுங்கள். முகம் ஒருபக்கம் கோணினாலும், கை தூக்க வராவிட்டாலும், பேச்சுக் குழறினாலும் அப்படியே. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் இவற்றுக்கான மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினால் அது நோய், சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பிரார்த்தனையால் குணமாகட்டும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். பிரார்த்தனையை நான் குறை சொல்லவில்லை. பிரார்த்தனையோடு மருத்துவரும் மருந்தும் அவர்களுக்குக் கிடைத்திருக்கவேண்டும். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. புற்றுநோய் வந்தவரைப் பார்த்து, “மனசு வைத்தால் குணமாகிவிடும்” என்கிறோம். குணமாகாவிட்டால் அவர் மனசு வைக்கவில்லை என்றுதானே பொருளாகிறது? வலியோடு பழியையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள். நம் பங்கைச் செய்வது ஆறுவதற்கான வாய்ப்பைக் கூட்டும். முடிவை உறுதி செய்யாது.

நிறைவாக, வள்ளுவர் சொன்ன நாலாமவரைப் பற்றி. அருகிலிருந்து கவனிப்பவர். நம் வீடுகளில் பெரும்பாலும் அவர் மனைவி, மகள், மருமகள். பக்கவாதம் வந்த மாமனாரைப் புரட்டிப்போட்டு, சிறுநீர்ப் பையை மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு, ராத்திரி அவர் இருமினால் முதலில் எழுகிறவர். ஒஹாயோவில் ஒன்பது நாள் தாமதமாகப் புண் ஆறியது இப்படிப்பட்ட பெண்களுக்குத்தான். இவரிடம் போய் “தினமும் அரைமணி நடங்க, ஏழு மணி நேரம் தூங்குங்க” என்று நான் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது இரக்கமற்ற வேலை. நடக்கும் நேரத்தை அவருக்கு யார் கொடுப்பது?

ஆகவே நான் சொன்ன ஐந்தையும் தனி ஒருவரின் ஒழுக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் ஆறுவதற்கு வேறொருவர் நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் ஆண்களிடமும் இளைஞர்களிடமும் நேரடியாகக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். மருந்துச் சீட்டைப் படித்து எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று கற்றுக்கொள்ளுங்கள். புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று அவரிடமே கேட்டுப் பழகுங்கள். பிறகு, வாரத்தில் இரண்டு இரவுகள் உங்கள் முறை என்று சொல்லுங்கள். அந்த இரண்டு இரவுகளும் அவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத அந்தச் சிகிச்சையைத் தரக்கூடியவர் நீங்கள் மட்டுமே.